மேற்படி மாதேஸ்வரி

தாராளமாகப் பாருங்கள் மேடம். கோப்பு முழுவதும் உங்களுக்காகத்தான் எடுத்து வைத்தேன். ஜெராக்ஸ் எடுக்க வேண்டுமானால் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு கடை இருக்கிறது. கடைக்காரர் சாப்பிடப் போனால் மூன்று மணிக்குத்தான் திறப்பார். அதுவரை நான் சொல்கிறேன், நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பள்ளியிலும் இந்த மனு வகுப்பை ஆரம்பிக்கப் போவதாக பி.இ.ஓ. சார் போனில் சொன்னார். சந்தோஷம்.

பதினான்காம் பக்கத்தில் நிறுத்திவிட்டீர்கள். எல்லோரும் அங்கேதான் நிறுத்துகிறார்கள். அதை எழுதிய பெண் இப்போது பள்ளிக்கு வருவதில்லை. அதைக் கடைசியில் சொல்லலாம் என்று நினைத்தேன். வேண்டாம், இப்போதே சொல்லிவிடுகிறேன். அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. எட்டாம் வகுப்பு. பதின்மூன்று வயது.

என் மேல் தப்பு என்று யாரும் சொல்லவில்லை மேடம். ஹெச்.எம். சொல்லவில்லை, பி.இ.ஓ. சார் சொல்லவில்லை. அவள்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் யாரிடமாவது முதலிலிருந்து வரிசையாகச் சொல்லிப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. நீங்கள் வெளியூர். உங்களிடம் சொல்லலாம்.

எனக்குப் பேச வராது. இப்போது பேசுகிறேனே என்று பார்க்காதீர்கள். கல்லூரியில் மூன்று வருடமும் கடைசி பெஞ்சுக்கு முந்தின பெஞ்சு. பேசும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க மாட்டேன், கையைப் பார்ப்பேன். அதனால் கைகளைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். என் எட்டாம் வகுப்பில் இருபத்து மூன்று பேர். பேர் சொல்லாமல் கையை மட்டும் நீட்டச் சொன்னால்கூட யார் யார் என்று சொல்லிவிடுவேன். மாதேஸ்வரிக்கு வலது கை நடுவிரலில் ஒரு சின்னக் காய்ப்பு வந்திருந்தது. பேனா பிடித்துப் பிடித்து வந்தது. ஜூன் மாதம் அது இல்லை.

ஜூன் மாதம் அவளுக்குப் படிக்கவே வராது. அவளுக்கு மட்டுமில்லை, ஒன்பது பேருக்கு வராது. எழுத்துக்கூட்டி ஒரு வரி முடிப்பதற்குள் முதல் சொல் மறந்துபோகும். நானும் எல்லாம் செய்து பார்த்தேன். அட்டை வெட்டினேன், கதை சொன்னேன், பாட்டு போட்டேன். பாட்டை மனப்பாடம் செய்துவிடுவார்கள், புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பாடுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் காலனிப் பெண்கள் நாலு பேர் ஹெச்.எம்.மைப் பார்க்க வந்தார்கள். தெரு விளக்கு எரியவில்லை, மனு எழுதித் தாருங்கள் என்று. ஹெச்.எம். வேலாயுதம் சார் வழக்கம்போல, "புது டீச்சர் கையெழுத்து நல்லா இருக்கும், அதுகிட்டப் போங்க" என்று என்னிடம் அனுப்பிவிட்டார். நான் எழுதிக்கொண்டிருக்கும்போது பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். அவ்வளவு அமைதியாக அவர்கள் எதையும் பார்த்து நான் கண்டதில்லை. யுவராஜ்தான் கேட்டான்: "டீச்சர், இத எழுதுனா நெஜமாவே லைட்டு எரியுமா?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் எல்லாம். இதைக் குறித்துக்கொள்ளுங்கள் மேடம். பாடப் புத்தகத்தில் வரும் வாக்கியத்தைப் படித்தால் ஒன்றும் எரியாது. இதை எழுதினால் ஏதோ எரியும். அவ்வளவுதான் விஷயம்.

அந்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் கடைசி இரண்டு பீரியட் மனு வகுப்பு. அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா வணக்கம். பிள்ளைகள் நோட்டோடு தெருத்தெருவாகப் போய், "உங்களுக்கு என்ன கொறை?" என்று கேட்டு எழுதி வந்தார்கள். ஒரு தாத்தா, "மருமகதான் கொறை, எழுதிக்க" என்றாராம். அதையும் எழுதி வந்தார்கள். நல்ல மனுக்களை நான் திருத்தி, அவர்களே மறுபடி எழுதி, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு நானே லீவு போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எண் போட்ட ரசீது ஒன்று தருவார்கள். அந்த ரசீதை வகுப்புச் சுவரில் ஒட்டினோம். நாற்பத்தொரு நாளில் காலனியில் விளக்கு எரிந்தது. அன்றைக்கு மூக்கு ஒழுகும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள்கூட எங்கள் வகுப்பு வாசலில் வந்து நின்றன, ஏதோ நாங்கள்தான் கரண்டு விட்டது மாதிரி.

மாதேஸ்வரிக்கு அந்த மொழி பிடித்துப்போய்விட்டது. முக்கியமாக ஒரு சொல், 'மேற்படி'. நாலு நாள் எழுத்துக்கூட்டி அதைப் பிடித்தாள். பிறகு விடவே இல்லை. "டீச்சர், மேற்படி யுவராஜ் என் பென்சில எடுத்துக்கிட்டான்." "டீச்சர், மேற்படி சாம்பார்ல உப்பு இல்ல." வகுப்பே சிரிக்கும். அவள் சிரிக்க மாட்டாள், ஒரு அதிகாரி மாதிரி நிற்பாள். எல்லோரும் அவளை மேற்படி மாதேசு என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். தீபாவளிக்குள் பெரியவர்கள் அவளைத் தேடி வர ஆரம்பித்தார்கள். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு ரேஷன் கார்டுக்கு மனு, முதியோர் பணத்துக்கு மனு. குடத்தின் மேல் நோட்டை வைத்து எழுதுவாளாம். நான் போய்ப் பார்த்ததில்லை, கேள்விதான். அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்தது முப்பது சொல். மிச்சத்தை ஊர் சொல்லிக் கொடுத்தது.

வகுப்பிலும் ஒரு மனுப் பெட்டி வைத்தேன். இந்த யோசனைக்கு பி.இ.ஓ. சார் ரொம்பப் பாராட்டினார். பிள்ளைகள் ஓயாமல் வந்து, டீச்சர் இவன் கிள்ளிட்டான், டீச்சர் அவ ஜன்னல் பக்கம் உக்காந்துட்டா என்று சொல்லிக்கொண்டே இருப்பார்களே, அதற்கு ஒரு விதி போட்டேன். வாயால் சொன்னால் கேட்க மாட்டேன், எழுதிக் கொடு. எழுதிப் பெட்டியில் போட்டால் வெள்ளிக்கிழமை படிப்பேன். நியாயமாக இருந்தால் 'ஏற்கப்பட்டது' என்று முத்திரை குத்துவேன். தர்மபுரியில் செய்து வாங்கிய ரப்பர் முத்திரை. குத்திவிட்டால் செய்துவிடுவேன், அதில் மாற்றமே இல்லை. இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறேன், கோ-கோ விளையாட ஒரு பீரியட் கொடுத்திருக்கிறேன், ஒரு பிள்ளைக்கு என் குடையைக்கூடக் கொடுத்திருக்கிறேன். முத்திரை விழுந்தால் நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

உண்மையைச் சொன்னால் அந்த விதி எனக்கும் வசதியாக இருந்தது மேடம். முகத்தைப் பார்க்க வேண்டாம், காகிதத்தைப் பார்த்தால் போதும்.

பொங்கல் லீவு முடிந்து வந்த வாரம். வியாழக்கிழமை மதியம் நான் ஆசிரியர் அறையில் நோட்டு திருத்திக்கொண்டிருந்தேன். வாசலில் மாதேஸ்வரி. கதவின் சட்டத்தை விரலால் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும்."

"என்ன விதி?" என்றேன், சிரித்துக்கொண்டுதான்.

"இல்ல டீச்சர், இது..."

"எழுதிக் குடு மாதேசு. உனக்குத்தான் நல்லா எழுத வருமே."

"எழுதுனா சரியா டீச்சர்?" என்றாள். "எழுதினாத்தான் சரி" என்றேன். போய்விட்டாள். விரட்டவில்லை மேடம், நான் விரட்டவில்லை. அவளை எழுத வைக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பள்ளியில் நடக்கவிருந்த கண்காட்சிக்காகக் கற்பனை மனு எழுதச் சொல்லி இருந்தேன். யாருக்கு வேண்டுமானாலும், என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். ஒருவன் நிலாவுக்கு எழுதினான், அமாவாசையன்றும் வரும்படி. யுவராஜ் முதலமைச்சருக்கு எழுதினான், வாரத்துக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்று. இருபத்து மூன்று மனுவில் இவளுடையது மட்டும் எனக்கே எழுதப்பட்டிருந்தது. நீங்கள் கையில் வைத்திருப்பது அதுதான். சத்தமாகப் படியுங்கள்... வேண்டாம், நானே சொல்கிறேன், எனக்கு மனப்பாடம்.

"அனுப்புநர்: சி. மாதேஸ்வரி, எட்டாம் வகுப்பு. பெறுநர்: வகுப்பு ஆசிரியை அவர்கள். பொருள்: திருமணத்தைத் தள்ளி வைக்கக் கோருதல் தொடர்பாக. அம்மா, வணக்கம். எனக்கு வயது பதின்மூன்று. தை மாதம் கடைசி முகூர்த்தத்தில் எனக்கும் என் தாய்மாமாவுக்கும் திருமணம் செய்ய வீட்டில் முடிவு செய்துள்ளார்கள். மேற்படி மாமா கெட்டவர் இல்லை. ஆனால் எனக்கு இப்போதுதான் படிக்க வருகிறது. எனவே மேற்படி திருமணத்தைப் பத்தாம் வகுப்பு முடியும் வரை தள்ளி வைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

அதற்கு அடுத்த வாரம் பெண் குழந்தைகள் தினம் மேடம். ஊர்வலத்துக்காக ஒரு வாரமாகக் குழந்தைத் திருமணத்தை ஒழிப்போம் என்று பிள்ளைகளுக்குக் கோஷம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பாருங்கள், கோஷத்தை இவள் எவ்வளவு அழகாக மனுவாக மாற்றிவிட்டாள் என்றுதான் தோன்றியது. நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். கற்பனை மனு என்று தலைப்பே நான்தான் கொடுத்திருக்கிறேன். நிலாவுக்கும் முதலமைச்சருக்கும் நடுவில் இது இருக்கிறது. பத்துக்குப் பத்து போட்டேன். நான் யாருக்கும் பத்து போட்டதில்லை. இருபத்து மூன்று பேருக்கும் முத்திரை குத்தினேன், கற்பனைதானே என்று. அவளுடையதிலும் குத்தினேன். அதோ, மேலே மூலையில், கொஞ்சம் சாய்ந்து விழுந்திருக்கிறது.

மனுவைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் அந்த முத்திரையைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தாள். அந்த வாரம் முழுவதும் அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு. இரண்டு தரம் கேட்காமலேயே கரும்பலகையைத் துடைத்தாள். பாராட்டினால் பிள்ளைகள் எப்படி மலர்ந்துவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கண்காட்சியில் மேடையில் படிக்க மூன்று மனு தேர்ந்தெடுத்தேன். இவளிடம் சொன்னபோது கை மனுவின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தது.

"இதையேவா டீச்சர்? எல்லாரு முன்னாடியுமா?"

"இதுதான் ரொம்ப நல்லா இருக்கு."

"பி.இ.ஓ. சார் வருவாரா?"

"வருவார். பஞ்சாயத்துத் தலைவர், வி.ஏ.ஓ. எல்லாரும் வராங்க."

கொஞ்சம் யோசித்தாள். "அப்ப சரிங்க டீச்சர். அப்பிடித்தான் செய்யணும்னா படிக்கறேன்" என்றாள். அப்பிடித்தான் செய்யணும்னா. அந்தச் சொல் எனக்கு அன்றைக்குக் காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

எவ்வளவு நன்றாகப் படித்தாள் தெரியுமா? ஒரு திக்கல் இல்லை. மைக் உயரமாக இருந்தது, குதிகாலைத் தூக்கிக்கொண்டு படித்தாள். 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்துவிட்டு இறங்கவில்லை. அப்படியே நின்றாள். முதல் வரிசையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். நான்தான் முதலில் தட்டினேன். அவள் இன்னும் நின்றாள். சபைக்கூச்சம் என்று நினைத்து நானே போய்க் கையைப் பிடித்து இறக்கினேன். உள்ளங்கை சில்லென்று இருந்தது. பி.இ.ஓ. சார், "என்ன கற்பனை வளம்! அப்படியே நிஜம் மாதிரி இருக்கு" என்று தன் பேனாவையே பரிசாகக் கொடுத்தார். அவள் அம்மா மூன்றாவது வரிசையில் இருந்தாள். கை தட்டவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்தாள். மகளை மேடையில் பார்த்த பூரிப்பு என்று பக்கத்தில் இருந்த டீச்சரிடம் காட்டிக்கூடச் சொன்னேன்.

எல்லாவற்றையும் பார்த்தேன் மேடம். ஒன்றைக்கூட விடவில்லை.

அது வெள்ளிக்கிழமை. திங்கள் அவள் வரவில்லை, செவ்வாய் வரவில்லை. புதன்கிழமை வருகைப் பதிவு எடுக்கும்போது பேரைச் சொன்னேன். யுவராஜ் எழுந்தான். "மேற்படி மாதேசுக்கு இன்னைக்கு விடியக்காலத்துல கல்யாணம் ஆயிருச்சு டீச்சர், அவ மாமா ஊருக் கோயில்ல." யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. பழக்கத்தில் வந்துவிட்டது.

கடைசி முகூர்த்தம் வரை போகவில்லை. மேடையில் படித்துவிட்டாளே, யாராவது விழித்துக்கொள்வார்களோ என்று முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். யாரும் விழிக்கவில்லை என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

ஹெச்.எம். அறைக்கு ஓடினேன். கதவைச் சாத்தச் சொன்னார். "சத்தம் போடாதம்மா. மேடை ஏத்திப் படிக்க வெச்சது நீ. கை தட்டுனது நாங்க எல்லாரும். பி.இ.ஓ. பேனா குடுத்திருக்காரு, போட்டோ பேப்பர்ல வந்திருச்சு. இப்பப் போய் அது நெஜம்னு சொன்னா, கேட்டுட்டு சும்மா இருந்தவங்க யாருன்னு பேப்பர்காரன் கேப்பான்ல? கற்பனைன்னு எழுதியிருக்கு. கற்பனையாவே இருக்கட்டும்." கோபமாகச் சொல்லவில்லை. கண் கலங்கித்தான் சொன்னார். இரண்டு பெண்களைப் பெற்றவர்.

மாசி பாதியில்தான் எனக்குப் போக முடிந்தது. அதற்கு முன்னால் மாதத் தேர்வு, அப்புறம் மாவட்டத்துக்கு அறிக்கை அனுப்பும் வேலை, இதே கோப்புதான். அவள் மாமா ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், இரண்டு பேருந்து மாற வேண்டும். சாலையோரம் ஓட்டு வீடு. அவள் வெளியே புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். சேலை கட்டியிருந்தாள். அது இடுப்பில் நிற்காததால் ஒரு பக்கம் முடிச்சுப் போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வணக்கம் டீச்சர்" என்றாள், வகுப்பில் சொல்கிற அதே இழுவையில். உள்ளே ஓடி ஒரு நாற்காலியும் சொம்பில் தண்ணீரும் கொண்டுவந்தாள்.

"ஏன்டி நேரா எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டுவிட்டேன்.

"எழுதிக் குடுத்தேனே டீச்சர்."

"நான் கற்பனைன்னு நெனச்சேன் மாதேசு."

அவள் கைகள் புளியிலேயே இருந்தன. கொட்டையை எடுத்து ஒரு பக்கம், சதையை ஒரு பக்கம். "ஏற்கப்பட்டதுன்னு குத்திருந்தீங்க. அதான் நான் அம்மாகிட்டச் சண்டையே போடல. டீச்சரு பாத்துக்குவாங்கன்னு இருந்தேன். மேடையில படிக்கச் சொன்னீங்க, படிச்சேன். அன்னைக்குக் காலையில பூ வெக்கறப்பகூட ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன், வண்டி எதாச்சும் வருதான்னு." இன்னொரு கொட்டையை எடுத்துப் போட்டுவிட்டு, "பரவால்ல டீச்சர், வேல இருந்திருக்கும்" என்றாள்.

அவள் என்னைச் சமாதானப்படுத்தினாள் மேடம்.

புகார் கொடுக்கலாம், குழந்தைகள் உதவி எண் ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டுக்கு இப்போதே போன் செய்கிறேன், இன்னும் நேரம் இருக்கிறது என்று சொன்னேன். போனைக் கையில் எடுத்தேன். அவள் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வேணாம் டீச்சர். ஊர்வலத்தப்ப நீங்கதான சொன்னீங்க, பண்ணி வெச்சவங்க எல்லாரும் செயிலுக்குப் போவாங்கன்னு. எங்கம்மாவும் போவாங்கல்ல?" புளி ஒட்டிய விரல், என் கையில் பழுப்பாக ஒட்டிக்கொண்டது. அவளே வேண்டாம் என்று சொன்ன பிறகு நான் என்ன செய்ய முடியும்? நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். ஆனால் அவளே சொல்லிவிட்டாள். அவள் விருப்பம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். அப்போது எனக்கு உடம்பே லேசான மாதிரி இருந்தது, பொய் சொல்லவில்லை.

பேருந்து நிறுத்தம் வரை கூட வந்தாள். மாமா சாப்பாட்டுக்கு வருவதற்குள் திரும்ப வேண்டும் என்று வேகமாக நடந்தாள். என் பையை அவள்தான் தூக்கிக்கொண்டாள். நிறுத்தத்தில் சந்தைக்குப் போகிற பெண்கள் நாலைந்து பேர் கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மா, "யாரு பாப்பா இவங்க?" என்று கேட்டாள். "எங்க டீச்சரு" என்றாள். அதைச் சொல்லும்போது கழுத்து ஒரு விரல்கடை நிமிர்ந்தது.

தூரத்தில் வளைவில் ஒரு பேருந்து திரும்பியது. பெண்கள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஓடத் தயாரானார்கள். இவள் கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துப் பார்த்தாள். "ஓடாதீங்கக்கா, இது சந்தைக்குப் போவாது, நங்கவள்ளி மேச்சேரி வழின்னு போட்டிருக்கு. உங்களுது பின்னாடி வரும். டீச்சர், உங்களுக்குத்தான் இது, ஏறிக்கங்க" என்றாள்.

வண்டி அப்போது இன்னும் பாலத்தைத் தாண்டவில்லை மேடம். ஓடிக்கொண்டிருக்கிற வண்டி. கண்ணாடியில் வெயில் அடிக்கிறது. கீழே இருப்பது சின்னப் பலகை, அதில் சின்ன எழுத்து, பாதி பெயிண்ட் போயிருக்கிறது. எனக்கே தெரியவில்லை. அவள் ஒரு பார்வையில், எழுத்துக்கூட்டாமல், ஒரு சொல் விடாமல் படித்தாள். ஜூன் மாதம் தன் பேரை எழுதவே அரை மணி நேரம் எடுத்துக்கொண்ட பெண். நீங்களும் பல வருடம் வகுப்பு எடுத்தவர், நீங்களே சொல்லுங்கள், எட்டு மாதத்தில் இப்படி ஒரு முன்னேற்றத்தை எங்காவது பார்த்திருக்கிறீர்களா?